5. லைன் போன பிறகு எந்தச் செயலி?

ஈப்போவில் இருப்பவர்களுக்கு லைன் போவது தூர தேசத்துச் சமாசாரமல்ல. தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி உலு கிந்தா காட்டுக்குள் ஏறத் தொடங்கினால் கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். கோப்பெங்கிலிருந்து உலு கெரோவுக்கு ரஃப்ளீசியா பார்க்கப் போகிறவர்களும், கிரிக்கிலிருந்து ஜெலிக்குக் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் காரோட்டுகிறவர்களும் இதை நன்றாக அறிவார்கள். மலைக்குத்தான் போக வேண்டும் என்றுகூட இல்லை. சுங்கை சிப்புட்டுக்கு உட்புறம், முன்பு பால்மரமும் இப்போது செம்பனையுமாக இருக்கும் தோட்டத்தில் இரண்டு மேட்டுக்கு நடுவே இறங்கினாலே லைன் போய்விடும்.

கொர்பு மலை ஏறுகிறவர், பழைய ஈயக்குட்டையில் தூண்டில் போடுகிறவர், பாட்டன் பால் வெட்டிய தோட்டத்தில் லயம் இருந்த இடத்தையும் கோயிலையும் தேடிப் போகிற குடும்பம் என்று மூன்று வகை ஆட்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். மூவருக்கும் தேவை வேறு. ஆனால் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது மூவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “எது நல்லா வழி காட்டும்?” டவுனுக்கு அது சரியான கேள்வி. லைன் இல்லாத இடத்துக்கு, “நான் வந்த வழியை எது ஒழுங்காக நினைவில் வைத்திருக்கும்?” என்றுதான் கேட்க வேண்டும். ஏன் என்பதைத் தோட்டத்துக்குள் போனதும் பார்ப்போம்.

லைன் வேறு, ஜி.பி.எஸ். வேறு

லைன் போனால் ஜி.பி.எஸ்.ஸும் போய்விடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகாது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசி அதைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். அது எதையும் திருப்பி அனுப்புவதில்லை, டவரையும் கேட்பதில்லை. ஏரோபிளேன் மோடில் போட்டாலும், சிம்மையே கழற்றினாலும் வேலை செய்யும். இப்போதைய போன்கள் அமெரிக்க ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன.

லைன் போகும்போது காணாமல் போவது வரைபடம்தான். நீலப்புள்ளி சரியான இடத்தில் நிற்கும், ஆனால் அதைச் சுற்றிச் சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும் இருக்கும். தேடல் பெட்டியும் ஊமையாகிவிடும். ஆகவே முழு வரைபடத்தையும் முன்கூட்டியே போனுக்குள் இறக்கி வைக்கும் செயலி வேண்டும்.

இன்னொன்றும் லைனோடு போகும். செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவலை டவுனில் இணையம் வழியாகப் போன் சட்டென்று வாங்கிக்கொள்ளும். லைன் இல்லாவிட்டால் அதை ஒவ்வொரு செயற்கைக்கோளிடமிருந்தும் நேராகக் கேட்க வேண்டும். தடங்கலில்லாமல் கேட்டாலே ஒன்றுக்கு அரை நிமிடம் ஆகும், மரத்தடியில் நின்றால் பாதியில் அறுந்து மறுபடி தொடங்கும். அதனால் காரை நிறுத்திய இடத்திலேயே, தலைக்கு மேல் வானம் தெரியும்போதே, செயலியைத் திறந்து புள்ளி நிலைக்கும்வரை காத்திருங்கள். காட்டுக்குள் பத்தடி போன பிறகு திறந்துவிட்டு “ஜி.பி.எஸ். சரியில்லை” என்று திட்டுவதில் பயனில்லை.

வீட்டில் பழைய போன் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜி சேவை நின்றதால் வேகமான இணையம் கிடைக்காமல் மேசையில் தூங்கும் போன்கூட, பேட்டரி நன்றாக இருந்து வரைபடத்தையும் ஏற்றி வைத்தால், நல்ல இரண்டாவது வழிகாட்டியாகும்.

தோட்டத்தில் பாதைக்குப் பஞ்சமில்லை

காட்டில் தொலைவது பாதை இல்லாததால். தோட்டத்தில் தொலைவது பாதை அதிகமாக இருப்பதால். கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றித் திரிகிறவர்கள் இதை அனுபவத்தில்தான் கற்கிறார்கள்.

செம்பனையை ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 140 மரம் என்ற கணக்கில், முக்கோண அமைப்பில், மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். இரண்டு நிரைக்கு ஒரு நடைபாதை, அடுத்த இடைவெளியில் வெட்டிய மட்டைக் குவியல். குலை ஏற்ற வரும் டிராக்டருக்கும் லோரிக்கும் குறுக்கே மண்சாலைகள். மேட்டு நிலமாக இருந்தால் படிப்படியாக வளைந்து போகும் தளங்கள். எந்தச் சந்தியில் நின்றாலும் நான்கு பக்கமும் ஒரே காட்சி. மரம் வளர்ந்துவிட்டால் மட்டைகள் மேலே கூடி, சூரியன் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. பால்மரத் தோட்டம் இதைவிடத் தேவலை. ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிரும் காலத்தில் வானம் திறந்துகொள்ளும், புள்ளியும் கொஞ்சம் நிதானமாக நிற்கும்.

அந்த மண்சாலைகள் வரைபடத்தில் இருக்கும், ஆனால் நேற்றைய நிலவரப்படி. மறுநடவுக்காக ஒரு தீம்பாரை அழித்தால் சாலையின் போக்கே மாறிவிடும். இதற்கு வரலாறும் ஒரு காரணம். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலில் தொழிலாளர்கள் வீடும் வேலையும் இழந்ததால்தான். அப்படிக் கைமாறிய நிலத்தில், ஒரே தோட்டத்துச் சாலையாக இருந்தது இன்று நாலு பேருக்குச் சொந்தம். எல்லைக்கு எல்லை கேட், பள்ளம், சங்கிலி. வரைபடம் வரைந்தவர் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு போட்டிருப்பார். கேட் அந்தப் படத்தில் தெரியாது.

“அண்ணே, மேப்புல இந்தப் பக்கம் பாதை போகுதே?”

“மேப்புல போகும் தம்பி. லோரி போகாது.”

கேட்டில் நிற்கும் ஜாகாவிடம் இப்படிப் பதில் கிடைத்தால் வாதாடாதீர்கள். செயலியில் கோடு இருப்பது அனுமதிச் சீட்டு ஆகாது.

ஆகவே “இடது பக்கம் திரும்பு” என்று குரல் கொடுக்கும் திறமை இங்கே இரண்டாம் பட்சம். நடக்கத் தொடங்கியதிலிருந்து உங்கள் சுவட்டை விடாமல் பதிவு செய்கிறதா, சந்திக்குச் சந்தி நீங்களே புள்ளி வைத்துப் பெயர் எழுத முடிகிறதா, திரும்பும்போது அந்தச் சுவட்டின் மேல் உங்கள் புள்ளியைப் பார்த்தபடி நடக்க முடிகிறதா என்ற மூன்றையும் வைத்துத்தான் செயலியை எடைபோட வேண்டும்.

எதை இறக்குவது

வேஸ் இணையத்தை நம்பி வாழ்வது, அதை விட்டுவிடலாம். கூகள் மேப்ஸில் ஒரு பகுதியை இறக்கி வைக்க முடியும். கிரிக் நெடுஞ்சாலைக் காரோட்டிக்கு அது போதும். நடக்கிறவருக்குப் போதாது: இணையம் இல்லாதபோது அது கார் வழியைத்தான் சொல்லும், நடைவழி சொல்லாது. செயற்கைக்கோள் படமும் கூடவே இறங்காது. புதுப்பிக்காமல் விட்டால் இறக்கிய பகுதி காலாவதியாகிவிடும்.

முதல் செயலியாக நான் சொல்வது ஆர்கானிக் மேப்ஸ். இலவசம், விளம்பரம் கிடையாது, உங்களைப் பின்தொடர்வதும் கிடையாது. பழைய மேப்ஸ்.மீ செயலியின் நிரலிலிருந்து பிரிந்து 2021இல் வந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுமக்கள் வரைபடம்தான் இதற்கு அடித்தளம். தீபகற்ப மலேசியாவை ஒருமுறை இறக்கிவிட்டால் தேடலும் வழியும் சம உயரக் கோடுகளும் லைன் இல்லாமலே கிடைக்கும். பாட்டிக்கும் கற்றுக்கொடுக்கலாம், அவ்வளவு எளிது. பாதைப் பதிவு இதில் பின்னாளில்தான் சேர்ந்தது, அதனால் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஆஸ்மேண்ட். இதற்கும் அதே வரைபடம்தான் அடிப்படை, ஆனால் இது பட்டறை. எத்தனை விநாடிக்கு ஒருமுறை சுவட்டைப் பதிய வேண்டும், எந்த நிறத்தில் காட்ட வேண்டும், நண்பர் தந்த ஜிபிஎக்ஸ் என்னும் சுவட்டுக் கோப்பு மூன்றை ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்க்க முடியுமா என்றெல்லாம் கேட்பவருக்கு இதுதான். சம உயரக் கோடு போன்ற சில வசதிகளுக்குக் காசு கேட்கும். பட்டியல்களுக்குள் பட்டியலாக அமைப்புகள் நீளும், முதல் நாளிலேயே வெறுத்துப் போகிறவர்கள் உண்டு. கொர்பு ஏறுகிறவர் ஒரு வாரம் பொறுத்துப் பழகினால் வேறெதையும் தேட மாட்டார். தோட்டம் பார்க்கப் போகும் குடும்பத்துக்கு இது தேவையில்லை.

விக்கிலோக் நம் நாட்டு மலையேறிகளிடையே பெயர் பெற்றது. மற்றவர்கள் நடந்த சுவடுகளைப் பார்க்க நல்ல இடம். ஆனால் ஒருவர் ஏற்றிய சுவடு அவர் சரியாகப் போனார் என்பதற்குச் சான்றாகாது. சில சுவடுகளில் ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகச் சிக்கல் விழுந்திருப்பதைப் பார்க்கலாம், அவர் வழி தெரியாமல் சுற்றிய இடம் அது. ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று நான்கை ஒப்பிடுங்கள். ஆல்டிரெயில்ஸ், கயா ஜி.பி.எஸ். இரண்டிலும் வரைபடத்தை இறக்கி வைக்கச் சந்தா கட்ட வேண்டும். அமெரிக்கக் காடுகளுக்கு அவற்றில் இருக்கும் செழுமை பேராவுக்கு இல்லை. அந்தக் காசுக்கு நல்ல பவர் பேங்க் வாங்கலாம்.

உயரக் கோட்டை எவ்வளவு நம்பலாம்

அரசு நில அளவைத் துறையான ஜூபெம்மின் 1:50,000 நிலவரைபடத் தாள்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, நினைத்தவுடன் கடையில் வாங்க முடியாது. ஆகவே செயலிகள் காட்டும் உயரம் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்த கணக்கிலிருந்து வருகிறது. அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரையைத் தொடாமல் மரத்தலைக்கு அருகிலேயே திரும்பியிருக்கும். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதால் செங்குத்தான இடங்களைச் சாய்வாக மழுக்கிவிடும்.

தித்திவங்சா மலைத்தொடரில் இது பெரிய குறையல்ல. முகடு எது, ஓடை எது என்பது தெரியும், அது போதும். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளில்தான் ஆபத்து. குனோங் ராப்பாட் பக்கம் நின்று நிமிர்ந்து பார்த்தால் சுவர்போல் எழும் பாறை, செயலியில் ஏறிவிடக்கூடிய சரிவாகத் தெரியும். கல்குவாரி தின்றுவிட்ட குன்றுகூட வரைபடத்தில் 2000இல் இருந்தபடியே உயரமாக நிற்கும். பாறையடியில் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் புள்ளியும் துள்ளும். குவா தெம்புருங் போன்ற குகைக்குள் ஜி.பி.எஸ். கிடையவே கிடையாது, செயலி எதுவானாலும்.

உயர எண்ணையும் நம்பிச் சண்டை போடாதீர்கள். தீபகற்பத்தின் மிக உயரமான குனோங் தஹான் 2,187 மீட்டர், இரண்டாவதான கொர்பு 2,183. வித்தியாசம் நாலே மீட்டர். போன் உயரத்தில் செய்யும் பிழை அதைவிடப் பெரிது, கொர்பு உச்சியில் நின்று தஹானை வென்றுவிட்டதாகப் படம் போடுகிறவர்கள் அதனால்தான் வருகிறார்கள்.

தேடல் பெட்டியில் என்ன எழுதுவது

பழைய தோட்டம் தேடிப் போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. நம் ஆட்கள் தோட்டத்துக்கு வைத்து வழங்கிய பெயர் ஒன்று, கம்பெனி எழுதிய பெயர் ஒன்று, இன்றைய மலாய்ப் பலகையில் இருப்பது இன்னொன்று. வரைபடத்தில் பெரும்பாலும் மூன்றாவதுதான் இருக்கும். தோட்டத்துக்கு ‘லாடாங்’, கோயிலுக்கு ‘குயில்’, ஆற்றுக்கு ‘சுங்கை’, குகைக்கு ‘குவா’ என்று மலாய்ச் சொல்லை முன்னால் போட்டு ரோமன் எழுத்தில் தேடுங்கள்.

தமிழ்ப்பள்ளிப் பெயரை வைத்துத் தோட்டத்தைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். தோட்டம் மூடியபின் டவுனுக்கோ தாமானுக்கோ இடம் மாறிய பள்ளிகள் பல பழைய ‘லாடாங்’ பெயரோடுதான் இயங்குகின்றன. செயலி உங்களைப் பள்ளி இருக்கும் தாமானுக்குக் கூட்டிப்போகும். தோட்டம் எங்கோ இருக்கும்.

கோயில்தான் உறுதியான அடையாளம். லயம் இடிந்து, ஆயாக்கொட்டகையும் பெரட்டுக்களமும் செம்பனைக்குள் மறைந்த பிறகும் மாரியம்மன் கோயில் நிற்கும், ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்கு ஆள் வரும், அதனால் அதுவரை சாலையும் இருக்கும். பத்து காஜா அருகே, கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை உண்டாக்கிய வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காமல் போன மாளிகையைப் பார்க்க வருகிறவர்கள், அவர் தொழிலாளர்களுக்காகக் கட்டிய கோயிலையும் பக்கத்திலேயே பார்க்கலாம். அப்படி ஒரு கோயிலைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு உள்ளே போவது நல்லது.

வரைபடத்தில் பெயரே இல்லாத கோயிலாக இருந்தால் வீட்டிலிருந்தே இதைச் செய்யுங்கள். கூகள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, பச்சைக்கு நடுவே தெரியும் கூரையைக் கண்டுபிடித்து விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும். அவற்றை நகலெடுத்து ஆர்கானிக் மேப்ஸின் தேடல் பெட்டியில் ஒட்டினால் அதே இடத்துக்குப் போகும். அங்கே ஒரு புள்ளி வைத்து, தமிழிலேயே பெயர் எழுதிச் சேமியுங்கள். வழியில் வரும் பாலம், சாலை முச்சந்தி, பால் ஸ்டோர் இருந்த இடம் என ஐந்தாறு புள்ளிகளை இப்படி வைத்துக்கொண்டால், லைன் போன பிறகும் வரைபடம் உங்களுடையதாக இருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

புறப்படுவதற்கு முந்தின நாள் இரவே போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். செயலியை முழுதாக மூடிவிட்டுத் திரும்பத் திறங்கள். போகும் இடத்தைத் தேடுங்கள், கிட்டக் கொண்டுவந்து பாருங்கள். மண்சாலைகள் தெரிகின்றனவா? வெறும் பச்சையாக இருந்தால், இறக்கியது முழுமையாக இறங்கவில்லை, அல்லது அந்த இடத்தை இதுவரை யாரும் வரையவில்லை. இரண்டாவது காரணம் என்றால் வேறு செயலிக்கு மாறுவதால் எதுவும் மாறாது. பெரும்பாலான இலவசச் செயலிகளுக்கு ஒரே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான் மூலம்.

அடுத்து, பாதைப் பதிவைத் தொடங்கிவிட்டு, திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தாமானைச் சுற்றி நடந்து வாருங்கள். திரும்பிப் பார்த்தால் சுவடு தெருத்தெருவாக வளைந்திருக்க வேண்டும். நேர்க்கோடாக வீட்டிலிருந்து வீட்டுக்கு இழுத்திருந்தால், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் பின்னணியில் செயலியைக் கொன்றுவிட்டது. ஆண்ட்ராய்டில் இது அடிக்கடி நடக்கும். அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்குங்கள், இட அனுமதியை ‘எப்போதும்’ என்று மாற்றுங்கள். பிறகு இன்னொரு நடை. காட்டுக்குள் கண்டுபிடிப்பதைவிடத் தாமானில் கண்டுபிடிப்பது மேல்.

பேட்டரி பற்றி ஒரே வார்த்தை: லைன் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே களைத்துப்போகும், ஏரோபிளேன் மோடில் நடங்கள். திரை நனைந்தால் மழைத்துளியே விரலாகிச் செயலியை மூடிவிடும், ஆகவே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை அவசியம்.

ஏதாவது ஆகிவிட்டால்

கொர்பு, யோங் பெலார் மலைகளுக்கு மாநில வனத்துறையின் அனுமதியும் மலிம் குனோங் என்னும் மலை வழிகாட்டியும் தேவை. செயலி அவருக்கு மாற்று ஆகாது, உங்கள் போனில் சுவடு இருப்பது அவருக்கும் உதவிதான். தோட்டத்துக்குள் போகிறவர்கள் புறப்படும் முன் வீட்டில் ஒருவரிடம் எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டு, காரை நிறுத்திய இடத்தின் எண்களையும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடம் அனுப்பியிருக்கிறேன் என்பது பயன்படாது, லைன் போன இடத்திலேயே அது உறைந்து நின்றுவிடும்.

அவசரத்துக்கு 999, கைப்பேசியிலிருந்து 112ம் அங்கேதான் போகும். உங்கள் நிறுவனத்துக்கு லைன் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அந்த அழைப்பு கிடைக்கும், ஏரோபிளேன் மோடை நீக்கி மேட்டுக்கு ஏறி முயலுங்கள்.

இடத்தின் எண்களைச் சொல்லும்போது ஒரு பொறி இருக்கிறது. 4.30 என்பதும் 4°30′ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது பாகையும் கலையும், அதாவது பாகைக் கணக்கில் 4.50. ஒன்றை மற்றதாகப் படித்தால் வடக்கு-தெற்காக 22 கிலோமீட்டர் பிசகும். பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கால் முறிந்து உட்கார்ந்திருப்பவரைத் தேடிக் கம்பாருக்குப் போவார்கள். செயலியின் அமைப்பில் தசம முறையைத் தேர்ந்து அதையே எப்போதும் வைத்திருங்கள், போனில் சொல்லும்போது “நாலு புள்ளி ஐந்து” என்று புள்ளியைச் சேர்த்தே சொல்லுங்கள், கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

வந்த பிறகு

சுவட்டை ஜிபிஎக்ஸ் கோப்பாக வெளியே எடுத்து, தேதியும் தோட்டத்தின் பெயரும் போட்டு வேறோர் இடத்தில் சேமியுங்கள். போன் மாறும்போது செயலிக்குள் இருந்த சுவடுகள் கூடவே வரும் என்று நம்ப வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கினால், ஆர்கானிக் மேப்ஸிலிருந்தே கோயிலைச் சேர்க்கலாம், அதன் தமிழ்ப் பெயரையும் தனியாக எழுதலாம். மூடிய சாலையில் கேட் போட்டிருப்பதையும் குறிக்கலாம், அடுத்து வருகிறவருக்கு அரை நாள் மிச்சம். டுரியான் மரம் நிற்கும் இடத்தை மட்டும் போடாதீர்கள். அது யாருடையதோ, அவர் மோப்பம் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவார்.